கயிற்றின் மேல்முனை

விடியும் முன்பே மேடு முழுக்க ஈர வைக்கோலின் வாடை ஏறியிருந்தது. கலிபோர்னியாவின் டப்ளின் ஊருக்குக் கிழக்கே மலைச்சரிவை வெட்டி, வீட்டுமனைகளுக்காகப் படிப்படியாகச் சமன் செய்திருந்த இடம் அது. புல் ஒன்றும் மிச்சமில்லை. மண் உரித்த தோல்போலக் கிடந்தது. மத்தியானத்துக்குள் மழை பிடிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் சரிவுக்குக் குறுக்கே வைக்கோல் உருளைகளைக் கிடத்தி ஆப்படிக்க வேண்டும். தெருவோர வடிகால் வாய்களைச் சுற்றி ஜல்லி மூட்டை அடுக்க வேண்டும்.

சாந்தாமணி ஆப்பைப் பிடித்துக்கொள்ள, எக்தோர் சம்மட்டியை இறக்கினான். ஒவ்வோர் அடிக்கும் அவளுக்கு முழங்கை வரை அதிர்ந்தது. கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. வைக்கோல் தூசு கழுத்துக்குள் இறங்கி அரித்தது. ஆய்வாளராகச் சேர்ந்தவளுக்கு ஆப்புப் பிடிப்பது வேலையில்லை. ஆனால் எக்தோரின் குழுவில் பாதிப் பேரைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். மழைக்கு அது தெரியாது.

மெக்சிகோவிலிருந்து வந்த எக்தோர் கூலிக்குழுவின் தலைவன். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் யாரையாவது கேலி செய்யாமல் அவனுக்கு வேலை ஓடாது.

“கை நடுங்குதே சென்யோரா. ஆப்புக்குப் பதிலா உங்க விரலை நட்டுட்டேன்னா அது முளைச்சு நிக்கும். பில்டர் அதையும் வீடுன்னு சொல்லி வித்துடுவான்.”

“வித்தா உங்களுக்கும் பங்கு தர்றேன். அடிங்க.”

கீழே கேட் வழியாக வெள்ளை ட்ரக் ஒன்று ஏறி வந்தது. சாந்தாமணியின் தலை தானாகத் திரும்பியது. அந்த எஞ்சின் சத்தம் அவளுக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் அது வாசலில் வந்து நின்ற பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இப்போது அதிலிருந்து இன்னொரு ஆய்வாளரான பிரீத்தி குதித்து இறங்கினாள். ஆள் குள்ளம், குதித்துத்தான் ஆக வேண்டும்.

ட்ரக் கம்பெனியுடையதுதான். ஆனால் அதை ஓட்டியவர் மதன், சாந்தாமணியின் கணவர். போன மாரிக்காலத்தில் இன்னொரு சைட்டில், வண்டல் குட்டையின் கரை சரிந்து அவர் செத்துப்போனார். அந்தக் கரையின் ஈரம் காய்வதற்குள் வண்டி பிரீத்திக்குப் போய்விட்டது. ஹீட்டர் ஓடாத ஒரு பழைய கார் சாந்தாமணிக்கு வந்தது. ட்ரக்குக்குள் அவள் அதன்பிறகு எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே எல்லாம் தெரியும் என்று நினைத்தாள். அவர் ஒட்டிவைத்த முருகன் படத்தைச் சுரண்டி எறிந்திருப்பாள். சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டிருப்பாள். அவர் சாய்ந்த இடத்தில் சாய்ந்துகொண்டு பாட்டுக் கேட்டபடி போவாள்.

“குட் மார்னிங்க்கா,” என்றாள் பிரீத்தி.

“ம்.”

அவளுக்குக் கிடைப்பது எப்போதும் அந்த ஒரு ‘ம்’தான்.

மண்ணைக் கிளறிக் கட்டடம் கட்டுகிறவர்கள் மாநிலத்திடம் மழைநீர்ப் பர்மிட் வாங்க வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். சைட்டின் சேறு ஓடைக்குப் போகக் கூடாது. மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை பெய்யும் நாளெல்லாம், மழை விட்ட பிறகு ஒருமுறை என்று பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சைட்டை விட்டு வெளியேறும் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் கலங்கலை அளக்க வேண்டும். பில்டர்கள் இந்த வேலையை வெளியே விட்டுவிடுவார்கள். அதை எடுத்துச் செய்யும் கம்பெனியின் முதலாளி குமாரசாமி. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மதனும் சாந்தாமணியும் அதே பக்கம். மதன் இறந்ததும், “நம்மூருப் புள்ளயத் தெருவுல வுடுவனா?” என்று சொல்லி அவளைப் பயிற்சிக்கு அனுப்பி வேலையும் கொடுத்தவர்.

சைட்டின் தண்ணீரெல்லாம் வண்டல் குட்டையில் தேங்கி, மண் அடியில் படிந்து, தெளிவு மட்டும் குழாய் வழியாக ஓடைக்குப் போகும். புட்டியில் பிடிக்க அந்தக் குழாய் வாய் வரை இறங்க வேண்டும். மழையில் கரை வெண்ணெய் மாதிரி இருக்கும். மதன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவருடைய அப்பா கிணறு வெட்டும் கூலி. கிணற்றுக்குள் கீழாள் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடித்தபடி மேலாள் நிற்க வேண்டும். கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் ‘இருக்கிறேன்’ என்று அர்த்தம். மேலே இருப்பவன் பதிலுக்கு ஒரு சுண்டு. அதையே குட்டைக்கும் கொண்டுவந்தார். அவர் கீழாள், பிரீத்தி மேலாள். மழை என்றால் இரண்டு பேரும் ஒரே வண்டியில்.

சாந்தாமணிக்கு வயிறு எரிந்தது அங்கேதான். வானம் கறுத்தாலே கறுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிரீத்தியோ ‘மதன், மதன்’ என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். கட்டியவள் ஒருநாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. அவளுக்கு அவர் ‘ஏனுங்க’தான். செலவைக் குறைக்கிறோம் என்று குமாரசாமி இரண்டு பேரையும் வேறு வேறு சைட்டுக்குத் தனித்தனியாக அனுப்பத் தொடங்கிய அன்று, அவள் வீட்டில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். மதன் தின்றுவிட்டு, “இன்னைக்கு என்ன விசேசம்?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அடுத்த பெருமழையில்தான் கரை சரிந்தது.

போலீஸ்காரர் திருப்பிக் கொடுத்த அவருடைய போனில் கடைசி அழைப்பு பிரீத்திக்குப் போயிருந்தது. அதைப் பார்த்த கணத்தில் சாந்தாமணிக்கு அழுகை நின்றுபோனது. செத்தவர் மேல் கோபப்பட முடியாது. அந்தக் கோபம் எல்லாம் உயிரோடு இருந்தவள் மேல் போய்ச் சேர்ந்தது. மகள் வெண்பா ஒருநாள் சலித்துக்கொண்டு, “ஜஸ்ட் ஆஸ்க் ஹெர், அம்மா,” என்றாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அவள் கேட்கவில்லை.

அவர் போன பிறகு ஊர் வாயை மூடுவதற்காகக் குமாரசாமி மறுபடியும் இரண்டிரண்டு பேராக அனுப்பினார். இந்த மாரியில் சாந்தாமணி ஆப்படிக்கவும் வெயில் நாள் ஆய்வுக்கும் மட்டும் போய் வந்தாள். பிரீத்தியோடு மழையில் போகிறவர் கருப்பசாமி. இன்று கருப்பசாமியைக் காணோம். அவரைத் தனியாக லிவர்மோர் பக்கம் அனுப்பிவிட்டார்கள் என்று பிரீத்தி எக்தோரிடம் சொல்வது காதில் விழுந்தது.

குமாரசாமியின் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. கையில் மெதுவடைப் பொட்டலம்.

“வாங்க அம்மிணி, சூடு ஆறதுக்குள்ள தின்னுங்க. எக்தோர், கம், கம்.”

எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். வடை ஒரு சுற்று போன பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“பில்டர் பட்ஜெட்டைக் கட் பண்ணிட்டான். இன்னையில இருந்து மழைல சைட்டுக்கு ஒரு ஆள்தான். ஆளுக்கு மூணு சைட்.”

பிரீத்தி வடையைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள். “மூணும் மூணு மூலைல இருக்கு சார். ஒரே மழைல எப்படிப் போறது?”

“எல்லா எடத்துக்கும் போகணும்னு யார் சொன்னா? போன மழைல எடுத்த போட்டோ இருக்குல்ல? ஜல்லி மூட்டை எந்த மழைலயும் ஜல்லி மூட்டைதான். அதைப் போட்டு சைன் பண்ணு.”

“நேர்ல பாத்தேன்னு சைன் பண்றது நான் சார். பொய்னு தெரிஞ்சா மாட்டறதும் நான்தான்.”

“சேத்துத் தண்ணிக்கு யாரை ஜெயில்ல போட்டிருக்கான்? ஃபைன் வந்தா நான் கட்டறேன்.”

“உயிர் போனா?”

குமாரசாமி பொட்டலத்தின் வாயை மடித்தார்.

“மதன் மேட்டரை இதுல இழுக்காத. அது கவனக்குறைவு. ரிப்போர்ட்லயே இருக்கு.”

“ரிப்போர்ட் எழுதினது நீங்க சார்.”

“உன் விசாவுக்கு லெட்டர் எழுதறதும் நான்தான். ஞாபகம் வெச்சுக்க.” அவர் கையை நீட்டினார். “ட்ரக் சாவியைக் குடு.”

பிரீத்தியின் முகம் ஒரு கணம் சிறுபிள்ளையின் முகம்போல ஆனது. பிறகு சாவியைக் கொடுத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு சாந்தாமணியைத் தள்ளிக் கூட்டிப் போனார்.

“அம்மிணி, இது மதன் ஓட்டுன வண்டி. அவுங்க வூட்டுல இருக்கறதுதான் மொறை. எனக்கு அப்பவே மனசுல உறுத்தல்தான். இனி நீங்கதான் சீனியர். இந்த சைட்டை அவ பாத்துக்கட்டும். மத்த ரெண்டையும் நீங்க வண்டில உக்காந்த எடத்துலயே முடிச்சுருங்க. வேற ஆளுன்னா இத்தனை சொல்லுவனா? நம்மூருப் புள்ளைன்னுதான்.”

சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது. பிரீத்தியின் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. சாந்தாமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தது தானாக வந்து கையில் ஏறிவிட்டது. தூரத்தில் பிரீத்தி தலையைக் குனிந்து புட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல இருந்தது.

தூறல் விழத் தொடங்கியது. “மழை வந்துருச்சு, சேம்பிள் எடு,” என்று குமாரசாமி குரல் கொடுத்தார். பிரீத்தி தனியாகக் குட்டைப் பக்கம் நடந்தாள்.

சாந்தாமணி ட்ரக்கின் கதவைத் திறந்தாள். முருகன் படம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளிக் கிடந்தது, மதனின் நீளக் கால்களுக்குத் தோதாக. முதுகுக்குப் பின்னால் பூப்போட்ட உறையோடு இரண்டு தலையணைகள். பிரீத்தி இத்தனை மாதமும் தலையணை வைத்து முன்னால் நெருங்கி உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறாள்.

அவர் வைத்தது வைத்தபடி!

குளிர்ந்த நெஞ்சு மறுபடியும் பற்றிக்கொண்டது. கட்டியவள் நான், பார்க்கத் தாங்காமல் அவர் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டித் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டேன். இவள் அவர் உட்கார்ந்த சீட்டைக்கூட நகர்த்தாமல் காத்திருக்கிறாள். துக்கம் காப்பதிலும் என்னை முந்திக்கொள்ள இவள் யார்?

கண்ணாடியில் தட்டும் சத்தம். பிரீத்தி திரும்பி வந்திருந்தாள்.

“அக்கா, சீட்டுக்குப் பின்னாடி கயிறு இருக்கு. எடுத்துக்கறேன். கம்பத்துலயாவது கட்டிட்டு இறங்கறேன்.”

“இந்தத் தலகாணி உன்னுதா?”

“ஆமாக்கா. எடுத்துடறேன்.”

“சீட்டை முன்னால இழுத்துக்க வேண்டியதுதான? அவரு வெச்சது வெச்சபடி வெச்சுப் பூசை பண்றியா?”

பிரீத்தி விழித்தாள். “எந்தப் பூசை? லீவர் உடைஞ்சிருக்குக்கா. ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு சார்கிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. ஃப்ரீவேல பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள உயிர் போய் உயிர் வருது.”

சாந்தாமணி குனிந்து லீவரை இழுத்துப் பார்த்தாள். அது பல்லுப்போன கிழவன்போல லொடலொடவென்று ஆடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். என்ன ஏது என்று புரியாமலே பிரீத்தியும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த இடத்தில், ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

“கடேசியா உங்கிட்டத்தான பேசுனாரு. என்ன பேசுனாரு?”

பிரீத்தி மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். முகமெல்லாம் நனைந்தது.

“நான் சொல்ல வந்தப்பல்லாம் நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. ‘கரை இளகிப் போயிருக்கு, மேலாள் வேணும், எவ்ளோ நேரத்துல வருவே’ன்னு கேட்டார். நான் ட்ரேசி சைட்ல இருந்தேன். சார் அனுப்பியிருந்தார். ‘இறங்காதீங்க மதன், இதோ கிளம்பறேன்’னேன். ‘இறங்கச் சொல்லி சார் போன் மேல போன் போடறார்’னு சொன்னார். வச்சுட்டார்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லக்கா. நான் வந்து சேர்றப்போ ஆம்புலன்ஸ் நின்னுது.”

சாந்தாமணி கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அழைப்புக்குள் எத்தனை பேச்சை அவளாக எழுதி எழுதிப் பார்த்திருந்தாள்! கொஞ்சலும் விடைபெறலும் கண்ணீருமாக. உள்ளே இருந்ததோ இவ்வளவுதான். வேலைக்குப் போன ஒருவர் கயிறு பிடிக்க ஆள் கேட்டிருக்கிறார். ஆள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. என்றோ சுட்ட கச்சாயத்தின் எண்ணெய் அவள் நாக்கில் கசந்தது.

குட்டைப் பக்கமிருந்து குமாரசாமி கூப்பிட்டார். “பிரீத்தி! என்ன அரட்டை? தண்ணி வெளிய போக ஆரம்பிச்சாச்சு!”

சாந்தாமணி இறங்கினாள். சீட்டுக்குப் பின்னால் கைவிட்டு, மஞ்சள் கயிற்றுச் சுருளை இழுத்து எடுத்தாள்.

“அக்கா, நீங்க இதுக்கு முன்னாடி...”

“கெணறு வெட்டுறவிய வூட்டு மருமகளுக்குக் கயிறு புடிக்கத் தெரியாதா? நட.”

கரையில் குடையோடு நின்ற குமாரசாமி அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் சாவியை நீட்டினாள்.

“இதை வெச்சுக்கங்கண்ணா.”

“ஏனம்மிணி, வண்டி வேண்டாமா?”

“வேணும்ங்க. வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டன். ஆனா இப்பிடி வேண்டாம். மொதல்ல அந்த லீவரை மாத்துங்க. ஓட்டறது ஆரா இருந்தாலும் பிரேக்கு எட்டோணும்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “மேலாள் இல்லாம இனி ஆரும் குட்டைல எறங்க மாட்டோம். பாக்காத சைட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம்.”

“மாட்டோம்னா? ஆரு ஆரு?”

“நானும் இவளும்.”

இவள் என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“ரெண்டு பொம்பளைங்க சேந்து பர்மிட்டையே மாத்தறீங்களா? சேம்பிள் எடுக்கணும்னு சொல்றது நானில்ல. ஸ்டேட் சொல்லுது.”

“அதே பர்மிட்ல இன்னொண்ணும் இருக்கு சார்,” என்றாள் பிரீத்தி. “வெள்ளம், இடின்னு ஆபத்தா இருந்தா சேம்பிள் எடுக்க வேண்டியதில்லைன்னு. ஃபைன் பக்கமெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீங்க. அந்தப் பக்கத்தை மட்டும் எப்படி விட்டீங்க?”

மேட்டில் சம்மட்டிச் சத்தம் நின்றது. எக்தோர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டான். பிரீத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் மதனைக் கரையிலிருந்து தோண்டி எடுத்தவர்களில் ஒருவன். இந்த முறை அவன் கேலி எதுவும் சொல்லவில்லை. திரும்பித் தன் ஆட்களை ஸ்பானிய மொழியில் கூவி அழைத்தான். சேறு அப்பிய பூட்ஸ்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்து நின்றன.

பிரீத்தி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “கருப்பசாமி அண்ணா, எங்க இருக்கீங்க? தனியாவா?”

“லிவர்மோர்லதான் கண்ணு. கார்ல உக்காந்திருக்கேன். எறங்கு எறங்குன்னு மெசேஜா வந்துட்டிருக்கு.”

“எறங்காதீங்க. இங்க நாங்க யாரும் தனியா எறங்கல.”

“யாரும்னா... மதன் சம்சாரமுமா?”

“நாந்தானுங்க பேசறேன்,” என்றாள் சாந்தாமணி. “எறங்காதீங்க.”

கருப்பசாமி சொன்னார்: “அப்ப நான் ஹீட்டரைப் போட்டுக்கறேன்.”

குமாரசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. அங்க பேசிக்கலாம். எத்தனை பேருக்கு வேலை இருக்குன்னு அங்க தெரியும்.”

“வர்றோம்ங்கண்ணா. அல்லாரும் ஒண்ணா வர்றோம்.”

மிச்ச வடைப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு அவர் காரில் ஏறினார். நாளை என்ன நடக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பிரீத்தியின் விசாவை அவர் ஒரே கடிதத்தில் முறித்துப் போடலாம். எக்தோரின் மிச்சக் குழுவையும் கலைக்கலாம். சாந்தாமணிக்கு ஹீட்டர் இல்லாத அந்தக் காரும் போய்விடலாம். அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருவரும் கரையை விட்டு நகரவில்லை.

“தூறல்தான். வலுக்கறதுக்குள்ள எடுத்துடறேன்க்கா,” என்றாள் பிரீத்தி. “ஓடைக்கு என்ன போகுதுன்னு பாக்காம விடக் கூடாது.”

சாந்தாமணி அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வேண்டும் என்றே கொஞ்சம் இறுக்கினாள். “ஆ, அக்கா!” என்றாள் பிரீத்தி. “அவுந்தா ஆரு பதில் சொல்றது?” என்றாள் சாந்தாமணி.

குதிகாலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு கயிற்றை விட்டுக் கொடுத்தாள். சின்ன உருவம் சரிவில் இறங்கி விளிம்புக்குக் கீழே மறைந்தது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். கயிறு விறைத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தது. ‘இருக்கிறேன்.’

உள்ளங்கையில் அது மீன் கடிப்பதுபோல இருந்தது. மழைநாள்தோறும் மதன் இதைத்தான் பிரீத்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சாந்தாமணிக்கு இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சுண்டு, தனக்கு வந்திருக்கக் கூடாதா?

பின்னால் கயிற்றின் வாலை எக்தோர் பிடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் பிடித்தான். மழை கனத்தது.

அவள் கயிற்றைப் பதிலுக்குச் சுண்டினாள்.